'வேணும்' என்பதிலிருந்து 'விசுவசிக்கிறேன்' வரை

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் நாம் எல்லாரும் எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்கிறோம். சிறு வயதிலிருந்தே மனப்பாடம். ஆகவே வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போகும். மனமோ அதற்குள் சமையல்கட்டுக்கும் சந்தைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்துவிடும். அந்த அறிக்கையில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இன்று 'நம்புகிறேன்' என்று சொல்கிறோம். நம் பாட்டன் பாட்டிமார் 'விசுவசிக்கிறேன்' என்று சொன்னார்கள். இந்த ஒரு சொல்லைத் தமிழில் சரியாகச் சொல்வதற்கு நம் கடற்கரையில் ஒரு புனிதர் பட்ட பாட்டை இன்று நினைத்துப் பார்ப்போம். அன்றாட வாழ்வில் விசுவாசம் என்றால் என்ன, ஆண்டவர்மேல் நம்பிக்கை வைப்பது என்றால் என்ன என்ற கேள்விகளுக்கு அந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

பெயர் மட்டும் தெரிந்த கிறிஸ்தவர்கள்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, திருவைகுண்டம் என்று வழிநெடுக வயல்களுக்கு நீர் கொடுத்துக்கொண்டே வரும் நம் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அதற்கு வடக்கே தூத்துக்குடி. தெற்கே வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு. இந்தக் கரையை முத்துக்குளித்துறை என்று அழைத்தார்கள். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் இங்கு வாழ்ந்த பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள்.

ஏன் பெற்றார்கள்? வரலாறு இதை ஒளிக்காமல் சொல்கிறது. முத்துக்குளிப்பில் அவர்களுக்கு இருந்த உரிமை கைவிட்டுப் போகும் நிலை. கடல் வணிகத்தில் பலம் பெற்றிருந்தவர்களோடு ஓயாத மோதல். உயிருக்கும் தொழிலுக்கும் ஒரு காவல் தேவைப்பட்டது. அவர்களுடைய தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் அந்தக் காவலைக் கேட்டார்கள். திருமுழுக்கும் பெற்றார்கள். அதன்பின் குருக்கள் வந்து ஊர் ஊராகத் திருமுழுக்குக் கொடுத்தார்கள், கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கூடவே தங்கி, மக்கள் பேசும் மொழியில் மறையைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.

1542 அக்டோபரில் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அதே ஆண்டு மே மாதம்தான் அவர் கோவாவில் வந்து இறங்கியிருந்தார். முத்துக்குளித்துறை மக்களிடம், நீங்கள் கிறிஸ்தவர்களானபின் எதை விசுவசிக்கிறீர்கள் என்று அவர் விசாரித்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. சவேரியாரே இதைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர்களைக் குறைசொல்லி அவர் எழுதவில்லை. சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்ற ஆதங்கத்தோடுதான் எழுதினார்.

மணியடித்துக்கொண்டு தெருவில்

சவேரியார் அப்போது செய்த வேலையைக் கவனிப்போம். தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து ஒன்றாக உட்கார வைத்தார். பல நாள் பாடுபட்டுச் சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழில் எழுதச் செய்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். இருந்தும் பாலர் வகுப்புப் பிள்ளையைப் போல அந்தச் செபங்களை மனப்பாடம் பண்ணினார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். நாளுக்கு இருமுறை சொல்லிக்கொடுத்தார். நீங்கள் படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பிவைத்தார். யாராவது நோயுற்றால் பிள்ளைகளையே செபமாலையும் சிலுவையுமாக அந்த வீட்டுக்கு அனுப்பினார். பிள்ளைகள் போய் நோயாளியின் பக்கத்தில் நின்று விசுவாச அறிக்கை சொன்னார்கள்.

ஒரு ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது செபங்களின் எழுத்துப் பிரதி ஒன்றை அங்கே விட்டுவிட்டுப் போவார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பகர்த்தி எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். எல்லாரும் தினந்தோறும் சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. தினந்தோறும் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். திருவிழாவுக்குத் திருவிழா என்று அவர் சொல்லவில்லை. குரு ஊரில் இருந்தால் மட்டும் என்றும் சொல்லவில்லை.

ஒரு சொல்லில் நேர்ந்த பிழை

இப்படி ஓராண்டுக்கு மேல் போயிற்று. 1544இல் தம்மோடு இந்தக் கரையில் உழைத்த பிரான்சிஸ் மான்சிலாஸ் என்பவருக்குச் சவேரியார் அடிக்கடி கடிதம் எழுதினார். சின்னச் சின்னக் கடிதங்கள். அவற்றுள் ஒன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாச அறிக்கையை முதலில் தமிழாக்கியபோது, விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று பொருள்படும் சொல் வந்துவிட்டிருந்தது. மொழிபெயர்ப்புக்கு உதவியவர்களுக்குப் போர்த்துக்கீசியம் அரைகுறை, சவேரியாருக்குத் தமிழ் அதைவிட அரைகுறை. ஆகவே மக்கள் கைகூப்பி நின்று, கடவுளை எனக்கு வேணும், இயேசுவை எனக்கு வேணும் என்ற பொருளில் சொல்லிவந்தார்கள். பிழையைக் கண்டதும் சவேரியார், இனி 'வேணும்' என்று சொல்ல வேண்டாம், 'விசுவசிக்கிறேன்' என்று மாற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்று எழுதினார்.

இதைப் படிக்கிற நமக்கு முதலில் சிரிப்பு வரும். யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். அந்த மக்கள் கடவுளிடம் வந்ததே ஒரு தேவையோடுதான். காவல் வேணும், கடலில் உரிமை வேணும், பிள்ளைகள் பிழைக்க வேணும். அவர்கள் வாயில் வந்த சொல்லும் அவர்கள் நெஞ்சில் இருந்ததும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

நாமும் அப்படித்தானே? நம் கோயில்களில் வேண்டுதல் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கிறது? மகனுக்கு வேலை வேணும், மகளுக்கு வரன் வேணும், வழக்கில் வெற்றி வேணும், கடன் அடைய வேணும். இதைப் பாவம் என்று யாரும் சொல்ல முடியாது. நற்செய்தியில் ஆண்டவரிடம் ஓடிவந்த தொழுநோயாளரும், பார்வையற்ற பர்த்திமேயுவும், பன்னிரண்டு ஆண்டு நோயில் தவித்த பெண்ணும் 'வேணும்' என்றுதான் வந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் விரட்டவில்லை. ஆனால் அவர்களை அங்கேயே நிறுத்திவிடவும் இல்லை. நலம் பெற்றவர்களிடம் உன் விசுவாசம் உன்னைக் காப்பாற்றியது என்று பேசினார். பர்த்திமேயு பார்வை பெற்றதும் வீட்டுக்குப் போகவில்லை, அவர் பின்னே வழி நடந்தார்.

தேவையோடு வருவது தொடக்கம். கேட்டது கிடைக்காத நாளிலும் அவரைவிட்டு விலகாமல் நிற்பது விசுவாசம். முந்தியதிலிருந்து பிந்தியதற்குப் போவதுதான் கிறிஸ்தவ வாழ்வு. சவேரியார் கடிதத்தில் ஒரு வரியில் திருத்திய பிழையை வாழ்க்கையில் திருத்த நமக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படுகிறது.

இருபது தோணிகள்

அந்தத் திருத்தம் எழுதப்பட்ட அதே 1544ஆம் ஆண்டில் இந்தக் கரை மக்களுக்கு ஒரு பெரும் சோதனை வந்தது. ஜூன் மாதம் வடுகப் படைகள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் புகுந்து கொள்ளையடித்தன. மக்கள் உயிர் தப்பிக் கடலுக்குள் இருந்த பாறைகளுக்கும் திட்டுகளுக்கும் ஓடினார்கள். மேலே வெயில், சுற்றிலும் உப்புத் தண்ணீர். சாப்பாடும் குடிநீரும் இல்லாமல் சிலர் மடிந்தும் போனார்கள்.

செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டில் இருபது தோணிகளில் உணவுப் பொருளும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. எட்டு நாள் முயன்றும் தோணிகளால் முன்னேற முடியவில்லை. கடைசியில் கரையோரமாகக் கால்நடையாகவே போய் அந்த மக்களைச் சந்தித்தார். மற்ற ஊர்களில் இருந்தவர்களிடம் உதவி திரட்டவும் ஏற்பாடு செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். காற்றைத் திருப்பும்படி அவர் செபித்திருப்பார். காற்று திரும்பவில்லை. அதற்காக அவர் நம்பிக்கை இழந்து கரையில் உட்காரவும் இல்லை, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. ஆண்டவர்மேல் நம்பிக்கை வைப்பது என்பதை நம்மில் பலர் சும்மா இருப்பது என்று நினைத்துவிடுகிறோம். நம் விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பிசானத்துக்கு அணை எப்போது திறக்கும், மழை எவ்வளவு வரும் என்பது அவர்கள் கையில் இல்லை. அதற்காக நாற்றங்காலைத் தயார் செய்யாமல் இருப்பார்களா? வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்பே விதை நெல்லை எடுத்து வைக்கிறாரே, அவர்தான் தண்ணீர் வரும் என்று உண்மையாக நம்புகிறவர்.

குரு இல்லாத ஊர்களில்

சவேரியார் இந்தக் கரையில் இருந்தது மொத்தத்தில் சில ஆண்டுகளே. அவர் போனபிறகு விசுவாசம் எப்படி நின்றது? ஊருக்கு ஊர் அவர் நியமித்த கணக்கப்பிள்ளைகளால் நின்றது. பின்னாளில் நாம் உபதேசியார் என்று அழைத்த பணியின் தொடக்கம் அவர்கள்தான். காலையிலும் மாலையிலும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கொடுப்பது, சாகும் நிலையில் இருப்பவருக்குத் திருமுழுக்குக் கொடுப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது எல்லாம் அவர்கள் வேலை. அவர்களுக்குச் சிறு சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைச் சவேரியார் அரசியிடமே கேட்டு வாங்கினார். இந்தக் கரையின் குழந்தைகள் சொல்லும் செபத்தைவிட உங்களை விண்ணகத்துக்கு நடத்திச் செல்லும் நல்ல காலணி வேறு இல்லை என்ற கருத்தில் அவர் அரசிக்கு எழுதினார் என்பார்கள்.

அடுத்து வந்தவர் அருள்தந்தை என்றிக்கே என்றிக்கஸ். நம் மக்கள் அண்டிரிக் அடிகளார் என்கிறார்கள். 1547இல் இந்தக் கரைக்கு வந்து, 1600இல் புன்னைக்காயலில் கண்மூடும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே உழைத்தவர். சவேரியாருக்கு நேர்ந்த மொழிச் சிக்கலை அவர் கண்டிருந்தார். ஆகவே தமிழை இலக்கணத்தோடு கற்றார். தமிழுக்கு ஓர் இலக்கணமே எழுதினார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வந்தது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. மொத்தம் 16 பக்கங்கள். அறிஞர்களுக்காக எழுதிய பெரிய சாத்திர நூலும் அல்ல. தினமும் வீட்டில் சொல்லும் செபங்களையும் மறைக்கல்வியையும் கொண்ட சிறு நூல். நம் தமிழ் எழுத்து முதன்முதலில் அச்சு ஏறியதே ஏழை எளியவர்களின் அன்றாடச் செபத்துக்காக என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த அன்றாடச் செபத்தின் பலம் பிற்பாடு தெரிந்தது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து சேசு சபையைக் கலைத்தார். மதுரை மறைப்பணித் தளத்தில் குருக்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். கோவாவிலிருந்து வந்த சில குருக்களே பரந்த நிலப்பரப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பல ஊர்களுக்குத் திருப்பலி என்பது எப்போதாவது கிடைக்கும் பேறு. 1838இல் சேசு சபைக் குருக்கள் திரும்பி வரும்வரை 65 ஆண்டுகள் இந்த நிலை. அப்படி வந்தவர்களிலும் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் சில ஆண்டுகளிலேயே பலியானார்கள். ஆனாலும் தாமிரபரணிக் கரையிலும் கடற்கரையிலும் தேரிக்காட்டிலும் விசுவாசம் அழியவில்லை. மாலையில் விளக்கேற்றியதும் செபம் சொன்ன தாய்மார்களும், ஊரைக் கூட்டிச் செபமாலை நடத்திய உபதேசியார்களும் அதைக் காத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் சொன்ன செபம் மட்டும் நம் வாய்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

தேவன் சகாயம் செய்கிறார்

கடற்கரையிலிருந்து இப்போது உள்நாட்டுக்கு வருவோம். நம் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் வடக்கன்குளத்தில் 1745 மே 14ஆம் நாள் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். பெயர் நீலகண்டன். 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரசில் பத்மநாபபுரத்தில் பணிபுரிந்தவர். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு நண்பர்.

நீலகண்டனுக்கு வீட்டில் இழப்புக்குமேல் இழப்பு வந்தது. கால்நடைகள் மாண்டன, சொத்து குறைந்தது. மனம் உடைந்திருந்தவருக்கு டிலனாய் திருவிவிலியத்தில் உள்ள யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை இழக்காத ஒரு மனிதரின் கதை. அதைக் கேட்டு இந்தக் கடவுளை நானும் அறிய வேண்டும் என்றார் நீலகண்டன். டிலனாய் அவரை வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம், நம் மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தவரிடம் அனுப்பினார். அவருக்கு இடப்பட்ட பெயர் இலாசர். தமிழில் தேவசகாயம். தேவன் சகாயம் செய்கிறார் என்று பொருள்.

இவரும் 'வேணும்' என்றுதான் தொடங்கினார் என்பதை மறக்க வேண்டாம். ஆறுதல் வேண்டியிருந்தது, இழந்ததற்கு ஒரு விளக்கம் வேண்டியிருந்தது. ஆனால் திருமுழுக்குக்குப்பின் அவருக்கு வந்தவை என்ன? இழந்த சொத்து திரும்பவில்லை. இருந்த பதவியும் போயிற்று. 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். கையிலும் காலிலும் விலங்கு. எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்திக் கொண்டுபோனார்கள். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் இப்படிச் சென்றன. 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. அவர் மனைவி பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். கணவர் இறந்தபிறகு சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து மறைந்தார்.

தேவன் சகாயம் செய்கிறார் என்ற பெயரைச் சுமந்தவருக்கு வந்த சகாயம் இதுதானா என்று கேட்கத் தோன்றும். அந்த மூன்று ஆண்டுகளில் எந்த நாளும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விலங்கு கழன்றிருக்கும், பழைய வாழ்வு கிடைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் கண்விழித்து, இன்றும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று இருந்தாரே, அந்த உறுதிதான் அவருக்குக் கிடைத்த சகாயம். சாட்சியாக இறந்தது ஒரு நாளில். சாட்சியாக வாழ்ந்தது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாள்கள். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். குருவல்ல, துறவியல்ல. மணமாகி, வேலை பார்த்து, நம்மைப்போல் குடும்பம் நடத்திய ஒரு பொதுநிலையினர்.

ஆலயத்துக்குள் ஒரு சுவர்

புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊரின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. பெருமையானதை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டால் நாம் நேர்மையாக இருக்க மாட்டோம்.

தேவசகாயத்தின்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று, தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அவர் வேற்றுமை பாராமல் பழகினார், உண்டார் என்பது. அவர் கொல்லப்பட்டு 120 ஆண்டுகளுக்குப் பின், 1872இல், வடக்கன்குளத்தில் புதிய ஆலயம் எழுந்தது. அதன் அமைப்பைப் பார்த்தவர்கள் இரண்டு கால்கள் உள்ள காற்சட்டைபோல் இருக்கிறது என்றார்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து பிரியும் கூடங்கள் இரண்டு. நடுவே சுவர். தங்களை உயர்ந்தவர்கள் என்று கருதியவர்கள் ஒரு கூடத்தில், மற்றவர்கள் அடுத்த கூடத்தில். பீடத்தில் நிற்கும் குருவை இரு பக்கத்தாரும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இரு பக்கத்திலும் ஒரே விசுவாச அறிக்கை சொன்னார்கள். ஒரே நற்கருணை உட்கொண்டார்கள். இடையே சுவரும் நின்றது, 38 ஆண்டுகள்.

1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து ஆயர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை அது போனது. ஆலயத்துக்குள் பிரிவினையை உரிமையாகக் கோரிய வாதம் நிற்கவில்லை.

அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் செபிக்காதவர்கள் அல்ல. செபமாலை சொன்னவர்கள், திருவிழாவுக்குக் காணிக்கை கொடுத்தவர்கள். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பழைய சொல்லே ஒலித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தனி இடம் வேணும், எனக்கு மரியாதை வேணும். விசுவசிக்கிறேன் என்று வாய் சொல்லியும் மனம் 'வேணும்' என்பதிலேயே நின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

புனிதர் பட்டத்தின்போது திருஅவை அவருடைய பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்க்காமல் தேவசகாயம் என்றே அறிவித்தது. பெயரில் இருந்ததை உரோமை எடுத்துவிட்டது. நம் மனத்தில் இருப்பதை நாம்தான் எடுக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில், சப்பரம் சுற்றும் தெருவில், பிள்ளைகளின் திருமணப் பேச்சில் அந்தச் சுவர் இன்னும் சில இடங்களில் நிற்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். சொல்லாமல் விட்டால் வடக்கன்குளத்தில் தேவசகாயம் பெற்ற திருமுழுக்குக்கு நாம் என்ன மரியாதை செய்தவர்கள் ஆவோம்?

வெள்ளம் வந்த நாளில்

இவை எல்லாம் பழைய கதைகள் என்று நினைக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை மீறியது. வீடு, ஆடு மாடு, வாழைத் தோட்டம், கடைச் சரக்கு என்று எத்தனையோ குடும்பங்கள் ஓர் இரவில் இழந்தன. ஆண்டவரே, ஏன் என்று கேட்காதவர் யார்? யோபுவும் கேட்டார். கேட்டதற்காகக் கடவுள் அவரைத் தள்ளிவிடவில்லை.

அந்த வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணைத் தண்ணீர் அரித்துவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த புதுக்குடி கிராமத்து மக்கள், தங்கள் ஊரே தண்ணீரில் தவிக்கும்போது, வீட்டிலிருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து கோயிலில் வைத்துச் சமைத்து அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். ரயிலில் இருப்பவர் எந்த ஊர், எந்த மதம், எந்தச் சாதி என்று அவர்கள் கேட்கவில்லை. பசியோடு இருக்கிறார்கள் என்பது போதுமாயிருந்தது. நாளைக்கு நமக்கு அரிசி வேணுமே என்று அவர்கள் பூட்டி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் பூட்டவில்லை. இருபது தோணிகளில் உணவு ஏற்றிய புனிதரை வணங்கும் நாம், அந்தக் கிராமத்தாரிடம் தலைவணங்கிக் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

இன்று முதல்

அன்பார்ந்தவர்களே, இந்த வரலாறு நம்மிடம் பெரிய காரியம் எதையும் கேட்கவில்லை. வீட்டில் மாலைச் செபம் நின்றுபோயிருந்தால் இன்று மறுபடி தொடங்குவோம். தொலைக்காட்சித் தொடரும் கைப்பேசியும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளும். 65 ஆண்டுகள் போதிய குருக்கள் இல்லாமல் விசுவாசத்தைக் காத்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் நாம். தெருவுக்குத் தெரு ஆலயம் இருக்கும் காலத்தில் அதை நாம் இழந்துவிடக் கூடாது. பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பதை மறைக்கல்வி ஆசிரியரின் வேலை என்று விட்டுவிட வேண்டாம்.

அந்தச் செபத்தில் விசுவாச அறிக்கையை ஒருமுறை நிதானமாகச் சொல்வோம். சொல்லும்போது நம்மையே கேட்டுக்கொள்வோம்: இன்று நான் ஆண்டவரிடம் 'வேணும்' என்று மட்டும் சொன்னேனா, 'விசுவசிக்கிறேன்' என்றும் சொன்னேனா? கேட்ட வேலை கிடைக்கவில்லை, நோய் தீரவில்லை, நிலம் விளையவில்லை. ஆனாலும் ஆண்டவரே, உம்மை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்ல முடிந்ததா?

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் வழக்கமாக உட்காரும் இடத்தைவிட்டு, நாம் அதிகம் பேசாத ஒருவரின் பக்கத்தில் உட்காருவோம். அன்பியக் கூட்டத்தில் இதுவரை நாம் வாசலைத் தாண்டாத ஒரு வீட்டில் செபம் வைப்போம், அவர்கள் கொடுக்கும் காப்பியை வாங்கிக் குடிப்போம். தேவசகாயத்தின் விசுவாசத்துக்கு இதைவிடப் பொருத்தமான காணிக்கை நம்மிடம் இல்லை.

செபிப்போம். எங்கள் தந்தையே, தேவைகளோடு உம்மிடம் வருகிற எங்களைத் தள்ளிவிடாதேயும். கேட்டது கிடைக்கும் நாளிலும் கிடைக்காத நாளிலும் உம்மைப் பற்றிக்கொள்ளும் மனத்தை எங்களுக்குத் தாரும். புனித சவேரியாரும் புனித தேவசகாயமும், பெயர் தெரியாத எங்கள் உபதேசியார்களும், விளக்கேற்றிச் செபித்த எங்கள் தாய்மாரும் காத்துத் தந்த விசுவாசத்தை எங்கள் பிள்ளைகளிடம் குறையாமல் சேர்க்க எங்களுக்கு வரம் அருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.